பிள்ளைகள் கையில் செல்போன்: நம் கையில் உள்ள அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஈமான் கொண்டவர்கள் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ள வேண்டும் என்று சூரத்துத் தஹ்ரீமின் 6-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இதற்கு விளக்கம் சொன்ன அலீ (ரலி) அவர்கள், குடும்பத்தாருக்குக் கல்வியையும் ஒழுக்கத்தையும் கற்றுக்கொடுப்பதே அந்தப் பாதுகாப்பு என்றார்கள். பிள்ளைக்குச் சோறு போட்டோம், ஃபீஸ் கட்டினோம், நல்ல போன் வாங்கிக் கொடுத்தோம் என்பதோடு இந்தக் கடமை முடிந்துவிடாது. அந்தப் போனை எப்படிப் பிடிப்பது, அதில் எதைத் தொடக்கூடாது, தவறிப்போனால் யாரிடம் ஓடி வருவது என்று சொல்லிக்கொடுப்பதும் அந்தக் கல்வியில் சேர்ந்ததுதான்.

இன்று 13 முதல் 18 வயது வரையுள்ள நம் பிள்ளைகளை இணையத்தின் தீங்கிலிருந்து வீட்டிலேயே எப்படிக் காப்பது என்பதைக் குர்ஆன், ஹதீஸின் ஒளியில் பார்ப்போம்.

இரவு வந்தால் கதவை மூடுங்கள்

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பொழுது சாய்ந்து இருள் படரும்போது பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஷைத்தான்கள் பரவுகிற நேரம் அது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளைச் சாத்தும்படியும் சொன்னார்கள்.

இந்த சுன்னத்தை நம் பாட்டிமார்கள் அழகாகப் பேணினார்கள். மஃரிப் பாங்கு சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இன்றும் எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளையை மஃரிபுக்குப் பிறகு பக்கத்துத் தெருவுக்குக்கூட அனுப்புவதில்லை. ஆனால் அதே பிள்ளை இரவு ஒரு மணிக்குப் போர்வைக்குள் போனோடு விழித்திருக்கிறாள். வாசல் கதவு பூட்டித்தான் இருக்கிறது. பெயர் தெரியாத, ஊர் தெரியாத, வயது தெரியாத ஆள் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறான். பையன்களின் நிலையும் இதுதான். மகன் எங்கும் சுற்றாமல் வீட்டிலேயே இருக்கிறான் என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார். அவன் வீட்டில் இருப்பது உடம்பால் மட்டும்தான்.

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). இதை அப்படியே வீட்டுச் சட்டமாக்கலாம். இஷா தொழுது, சாப்பிட்டு, ஒரு நேரம் குறியுங்கள். பத்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஹாலில் ஓரிடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அத்தாவின் போனும் அம்மாவின் போனும் அங்கேயே இருக்கட்டும். நாம் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கினால், அது சட்டமாக இருக்காது, அதிகாரமாகத்தான் தெரியும். ஃபஜ்ருக்கு எழுப்ப அலாரம் வேண்டும் என்பார்கள். கடையில் அலாரம் கடிகாரம் கிடைக்கிறது, வாங்கிக் கொடுங்கள்.

குர்ஆன் குறித்த மூன்று நேரங்கள்

சூரத்துந் நூரின் 58-ஆம் வசனத்தில் அல்லாஹ் வீட்டுக்குள்ளேயே ஓர் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறான். பருவ வயதை அடையாத பிள்ளைகளும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். அடுத்த வசனம், பிள்ளைகள் பருவமடைந்துவிட்டால் பெரியவர்களைப் போல எப்போதும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது, பார்வைக்கு வேலி உண்டு. பார்க்கக்கூடாததைப் பிள்ளையின் கண் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த அனுமதி. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவின் ஓட்டை வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது அதைக் கடுமையாகக் கண்டித்த நபியவர்கள், அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றார்கள் (புகாரி). பெற்றோரின் அறைக்குள் பிள்ளை திடீரென நுழைவதற்கே இவ்வளவு பேணுதல் என்றால், ஊர் உலகத்தின் படுக்கையறைகளை எல்லாம் திறந்து காட்டும் கருவியை எந்த வேலியும் இல்லாமல் 13 வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது தகுமா?

இரண்டாவது, சட்டம் வயதோடு மாறுகிறது. சிறு பிள்ளைக்கு ஒரு முறை, பருவமடைந்த பிள்ளைக்கு வேறு முறை. அல்லாஹ்வே இந்தப் படிநிலையை வைத்திருக்கிறான். எனவே பத்து வயதுத் தம்பிக்கும் பதினேழு வயது அண்ணனுக்கும் ஒரே கட்டுப்பாடு வைப்பது சரியில்லை. சிறியவருக்குத் தனிப் போன் வேண்டாம். வீட்டுப் போனை ஹாலில் உட்கார்ந்து பார்க்கட்டும். 13 முதல் 15 வரை கொடுத்தாலும், எந்த செயலியை ஏற்றுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். 16, 17 வயதில் கயிற்றைச் சற்று விட்டுக்கொடுத்துப் பொறுப்பைச் சொல்லுங்கள். நாளை கல்லூரி விடுதிக்குப் போனால் கண்காணிக்க நாம் அங்கே இருக்கமாட்டோம். அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு மட்டுமே கூட இருக்கும். கடுகளவு செயல் பாறைக்குள்ளோ வானத்திலோ மறைந்திருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டுவருவான் என்று லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன பாடம் (31:16) இதைத்தான் கற்றுத்தருகிறது.

பிறந்த வருடத்தில் சொல்லும் பொய்

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும் என்பது அந்த நிறுவனங்களே வைத்திருக்கும் விதி. உண்மையான வயதைக் கொடுத்தால் சில பாதுகாப்புகள் தானாகவே வந்துவிடும். உதாரணமாக, இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழுள்ளவரின் கணக்கை அந்நியர் எல்லோரும் பார்க்க முடியாது. தெரியாதவர்கள் எளிதில் செய்தி அனுப்பவும் முடியாது. ஆனால் பல வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை அடம்பிடிக்கிறது. பெற்றோரே பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கிறார்கள். பெரியவர் என்று பதிவான பிள்ளைக்குப் பெரியவர்களின் உலகம் திறந்துவிடுகிறது.

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லி அவருடைய தாயார் அவரைக் கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள் (அபூதாவூத்). பிள்ளையைக் கூப்பிடும்போது சொல்லும் சிறு வார்த்தையிலேயே இவ்வளவு கவனம் இருக்கிறது. பிள்ளையின் கண்முன்னாலேயே அதன் வயதைப் பொய்யாகப் பதியும் பெற்றோர், இணையத்தில் பொய் சொல்லலாம் என்ற முதல் பாடத்தைத் தாங்களே நடத்திவிடுகிறார்கள்.

கண்காணிப்பா, வேவு பார்ப்பதா?

துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கிறானே (49:12), பிள்ளையின் போனைப் பார்ப்பது அதில் சேராதா என்று சிலர் கேட்கிறார்கள்.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் வரும் புகாரி, முஸ்லிம் ஹதீஸ் பெற்றோரை மேய்ப்பாளர் என்கிறது. மேய்ப்பவர் ஆடு போகும் திசையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே பிள்ளைக்குத் தெரிந்தே, முன்கூட்டியே சொல்லி வைத்துச் செய்யும் கண்காணிப்பு நம் கடமை. கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் போன்ற வசதிகள் இதற்கென்றே இலவசமாக இருக்கின்றன. எந்த செயலியை ஏற்றலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே அமைக்கலாம். யூடியூபிலும் வயதுக்கேற்ற கட்டுப்பாட்டை வைக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லி, சேர்ந்து அமையுங்கள்.

பிள்ளை தூங்கும்போது போனைத் திருடிப் பார்ப்பது, உளவு செயலியை மறைவாக ஏற்றுவது, குற்றம் கண்டுபிடிக்கவே தேடுவது வேறு. மக்களின் குறைகளைத் தேடித் துருவினால் அவர்களைக் கெடுத்துவிடுவாய் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஆவியா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). ஆட்சியாளருக்குச் சொன்ன இந்த எச்சரிக்கை அத்தாமார்களுக்கும் பொருந்தும். திருட்டுத்தனமாகக் கண்காணிக்கப்பட்ட பிள்ளை திருந்துவதில்லை. இன்னொரு கணக்கைத் தொடங்கக் கற்றுக்கொள்கிறது. பிள்ளையின் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று தெளிவான அறிகுறி இருந்தால் அப்போது நிலை வேறு, தலையிடத்தான் வேண்டும்.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலில் ஒரு நட்பு அழைப்பு வரும். விளையாட்டுக்குள் இருக்கும் சாட்டிலிருந்தும் வரலாம். அழகான பெயர், அதே வயதுப் பிள்ளையின் படம், சில நேரம் ஸலாமும் சொல்வான். இரண்டு நாள் புகழ்ச்சி. வீட்டில் யாரும் உன்னைப் புரிந்துகொள்வதில்லை, நான் இருக்கிறேன் என்ற ஆறுதல். பிறகு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வான். யாரிடமும் சொல்லாதே என்பான். ஒரு படம் கேட்பான். வீடியோ காலில் வரச் சொல்வான். அந்தக் கணத்தைப் பதிவு செய்துகொள்வான். அடுத்த நிமிடமே மிரட்டல்: பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் அத்தாவுக்கும் உறவினர்களுக்கும் அனுப்புவேன்.

பெண்பிள்ளைகள் மட்டும்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். பையன்களும் மாட்டுகிறார்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை அல்லாஹ் சூரத்துந் நூரில் முதலில் ஆண்களுக்கே சொல்லியிருக்கிறான் (24:30). அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்குச் சொல்கிறான். பெண்பிள்ளைக்கு ஆயிரம் கட்டுப்பாடு, ஆண்பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது குர்ஆனின் வரிசைக்கே மாற்றம்.

இந்த வலை முழுவதும் ஒரே முடிச்சில்தான் நிற்கிறது. பிள்ளை வீட்டில் சொல்லாது என்ற நம்பிக்கைதான் அந்த முடிச்சு. அத்தாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார், ஜமாஅத்தில் தலைகாட்ட முடியாது என்று பிள்ளை பயப்படும் வரைக்கும் அவனுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். அம்மாவின் நகை போகும். தூக்கம் போகும். உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட ஷைத்தானால் ஊட்டப்படும். பிள்ளை உங்களிடம் வந்து சொல்லிவிட்டால் அந்த நிமிடமே அவன் கையிலிருந்த ஆயுதம் விழுந்துவிடும்.

ஆகவே, பெற்றோர்களே! செயலிகளும் பூட்டுகளும் தேவைதான். அவற்றைவிடப் பெரிய பாதுகாப்பு, என் பிள்ளை தப்பே செய்திருந்தாலும் முதலில் என்னிடம்தான் ஓடி வரும் என்ற நிலை. அந்த நிலையை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோமா?

நபிமார்களின் வீடும் நபியவர்களின் வழியும்

யூசுஃப் (அலை) சிறுவராக இருந்தபோது கண்ட கனவை யாரிடம் சொன்னார்கள்? நேராகத் தந்தையிடம் வந்தார்கள். யஃகூப் (அலை) அவர்கள் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்கவில்லை. கேட்டார்கள். யாரிடம் இதைச் சொல்லக்கூடாது, ஏன் சொல்லக்கூடாது என்று விளக்கினார்கள் (12:4, 5). எதைப் பகிரலாம், எதைப் பகிரக்கூடாது என்ற பாடம் ஒரு தந்தையின் மடியில் நடந்தது. 'யா புனய்ய', என் அருமை மகனே என்றுதான் அந்தத் தந்தையின் பேச்சு தொடங்குகிறது. நாம் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ஹஜ்ஜத்துல் வதாவின்போது இளைஞர் ஃபள்ல் பின் அப்பாஸ் (ரலி) நபியவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்தார். மார்க்கச் சட்டம் கேட்க வந்த ஒரு பெண்ணின் மீது அவரது பார்வை நிலைத்தது. நபி (ஸல்) அவர்கள் தம் கையால் அவரது முகத்தை மறுபக்கம் திருப்பினார்கள் (புகாரி). கூட்டம் நிறைந்த ஹஜ்ஜில் அவரைப் பெயர் சொல்லித் திட்டவில்லை. பார்த்தும் பாராமல் விடவும் இல்லை. தவறு திருத்தப்பட்டது, மானமும் காக்கப்பட்டது.

இன்னோர் இளைஞர் விபச்சாரத்துக்கே அனுமதி கேட்டு வந்தார். தோழர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து உட்காரவைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு, சாச்சிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மற்றவர்களும் அப்படித்தான் விரும்பமாட்டார்கள் என்று புரியவைத்தார்கள். பிறகு அவர்மீது கையை வைத்து, பாவமன்னிப்புக்கும் உள்ளத்தூய்மைக்கும் கற்புக்கும் துஆ செய்தார்கள் (அஹ்மத்). இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்கும் தைரியம் அந்த இளைஞருக்கு எங்கிருந்து வந்தது? கேட்டால் அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது.

பிள்ளை மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதல் வார்த்தை முக்கியம். ஏன் செய்தாய் என்ற கேள்வி நாளைக்கு இருக்கட்டும். அத்தா இருக்கிறேன், பயப்படாதே என்பதை இன்று சொல்லுங்கள்.

பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது, கூடும்.

உரையாடலை அழிக்காதீர்கள். அந்தக் கணக்கின் பெயர், போன் எண், மிரட்டல் செய்தி, பணம் போயிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் கணக்கைப் பற்றி அந்தச் செயலியிலேயே புகார் செய்து, பிளாக் செய்யுங்கள்.

1930 என்ற எண் இணையப் பண மோசடிகளுக்கான தேசிய உதவி எண். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் வெளியிடாமலும் பதியலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 18 வயதுக்குட்பட்டவர் அனைவரும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைகளே. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது.

பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவிவிடும் என்ற அச்சம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உள்ளது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கப்படும். அந்த அடையாளத்தைக் கொண்டு, இதில் இணைந்துள்ள தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிறுவர்களின் ஆபாசப் படங்களை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம். தமிழகத்து வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கண்டிப்பாகத் தெளிவுபடுத்தியது. விளையாட்டுக்காக நண்பர்கள் குழுவில் ஃபார்வர்டு செய்த பையனும் சிக்கலாம்.

தண்டனையாகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். அவசரமாகக் கல்யாணம் பேசாதீர்கள். மிரட்டியவன் வெளியே திரிய, ஏமாந்த பிள்ளைக்குத் தண்டனை கொடுப்பது நீதியாகுமா? ஒரு வீட்டில் அப்படி நடந்தால், தெருவிலுள்ள மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஜமாஅத்தாருக்கும் சபுராளிகளுக்கும்

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவருடைய குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. மானக்கேடான செய்தி பரவுவதை விரும்புபவர்களுக்கு வேதனை உண்டு என்று குர்ஆன் எச்சரிக்கிறது (24:19). எனவே யார் வீட்டுப் பிள்ளையைப் பற்றியாவது ஒரு படமோ, ஸ்கிரீன்ஷாட்டோ, குரல் பதிவோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், அது உங்களோடு முடியட்டும். உஷார்படுத்துகிறோம் என்ற பெயரில்கூட அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தந்தையர்களே! ஊருக்கு வரும்போது விலை உயர்ந்த போனைக் கொண்டுவந்து மகனிடம் கொடுக்கிறீர்கள். அதை எப்படிப் பூட்டுவது என்று வீட்டிலிருக்கும் தாய்க்குத் தெரியாது. கொடுக்கும் முன் நீங்களே கட்டுப்பாடுகளை அமைத்துக் கொடுங்கள். ஃபேமிலி லிங்க் அங்கிருந்தும் வேலை செய்யும். வாரத்தில் ஒரு நாளாவது, மார்க் எவ்வளவு என்று கேட்காமல், இந்த வாரம் யாரோடு பேசினாய், எது உன்னைச் சங்கடப்படுத்தியது என்று பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். ஃபஜ்ர் தொழுதாயா என்று கேட்கும் அதே அன்போடு கேளுங்கள்.

இந்த ஜும்ஆவிலிருந்து மூன்று காரியங்களைத் தொடங்குவோம். இன்றிரவு முதல் எல்லோர் போனும் ஹாலில். இந்த வாரத்துக்குள் பிள்ளையோடு உட்கார்ந்து கட்டுப்பாடுகளை அமைப்பது. மூன்றாவதாக, இன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுவது: போனில் என்ன நடந்தாலும், நீயே தப்பு செய்திருந்தாலும், முதலில் என்னிடம் வா, நான் உன்னை விட்டுவிடமாட்டேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்ணையும் உள்ளத்தையும் மானத்தையும் காப்பாயாக! தவறிய பிள்ளைகளுக்குத் திரும்பி வரும் வழியைக் காட்டுவாயாக! அவர்கள் திரும்பி வரும்போது கதவைத் திறக்கும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.